நாலு அடுக்கு ஃபோம்

உங்கள் ஃபோன் மேசைமேல் கிடந்து துடிக்கும்போது டர்ரென்று ஒரு சத்தம் வருகிறதே, அது ஃபோனின் சத்தம் இல்லை சார். மேசையின் சத்தம். ஃபோன் பாவம், சுண்டைக்காய் அளவு மோட்டாரை வைத்துக்கொண்டு லேசாக நடுங்குகிறது. அதை வாங்கி ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவது இந்தத் தகர மேசைதான். ஃபோனுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வையுங்கள். இனி யார் கூப்பிட்டாலும் நான் பேசுவதற்கு இடைஞ்சல் இருக்காது, நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் கதையும் இதுதான். மேசைமேல் நேரடியாக வைத்தால் மேசையும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். மேசைக்குப் பாட வராது. கனமான சத்தமெல்லாம் கலங்கிப்போய், மேளம் அடிக்கிறானா மூட்டை உருட்டுகிறானா என்று தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அந்தக் கலங்கலைக் கேட்டுவிட்டு ஆகா ஓகோ என்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. நீங்கள் கேட்டது என் மாமனாரைப் பற்றி, அது நினைவிருக்கிறது. வரிசையாக வருகிறேன்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஜனங்கள் ஃபோன் செய்து அழுவார்கள், கத்துவார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டு, பதில் சொன்ன பெண் பணிவாகப் பேசினாளா, உங்கள் வருத்தம் புரிகிறது என்று சொன்னாளா, எத்தனையாவது வினாடியில் சொன்னாள் என்று பார்த்து மார்க் போடுவேன். பதினோரு வருஷமாக இதுதான். ஒருவர் மூச்சை இழுப்பதை வைத்தே அடுத்து அழப்போகிறாரா திட்டப்போகிறாரா என்று சொல்லிவிடுவேன். அந்த வேலைக்கு ஹெட்ஃபோன் போதும். ஸ்பீக்கர் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது.

வாங்கிய அன்றே மேசை அதிர்வதைக் கண்டுபிடித்துவிட்டேன். முதலில் ரப்பர் பட்டை வைத்தேன். பிறகு பந்துகளைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தேன். பிறகு ஒரு கருங்கல் பலகை, அதன்மேல் மணல் நிரப்பிய தட்டு, அதன்மேல் மறுபடி ரப்பர். ஸ்பீக்கர் இரண்டும் கூரையைப் பார்த்து உயர்ந்துகொண்டே போனதால் நாற்காலியையும் உயர்த்த வேண்டியிருந்தது. கால் தரையில் எட்டாமல் தொங்கியது. எங்கள் குழுவில் அதைப் பாராட்டினார்கள்.

குழு என்றால், சுத்தமான ஒலியைத் தேடுகிறவர்கள் முந்நூறு பேர் ஃபோனில் கூடிப் பேசும் இடம். தலைவரை நாங்கள் செவிச்செல்வர் என்று கூப்பிடுவோம். பகலில் பல் டாக்டர். அவர் வீட்டில் ஸ்பீக்கர் இருக்கும் அறைக்குள் செருப்பு மட்டுமல்ல, கைக்கடிகாரமும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. முள் அசைவது அவருக்குக் கேட்குமாம். கேட்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர் முன்னால் யாரும் அதைச் சொன்னதில்லை.

ஃபோனில் அதிர்வு அளக்கிற ஆப் ஒன்று உண்டு. ஃபோனை மேசைமேல் வைத்தால் பூகம்பத்தை அளப்பது போல ஒரு கோடு ஓடும். கோடு நேராகப் போனால் மேசை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். குழுவில் மற்றவர்கள் தங்கள் கோடுகளைப் படம் பிடித்துப் போடுவார்கள். பார்க்கவே பொறாமையாக இருக்கும். என் கோடு எப்போதும் ரம்பப் பல்லாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் மாமனார் எங்களோடு வந்து தங்கினார். பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருஷம் இன்ஜின் மெக்கானிக். புகையைக் குடித்துக் குடித்து நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்ஸிஜன் மெஷின். அறைக்காற்றை இழுத்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது, முழங்கால் உயரம் இருக்கும், நாளெல்லாம் ஓடும். எனக்கென்று ஒதுக்கியிருந்த பெரிய அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பக்கத்துச் சின்ன அறைக்கு மாறினேன். முகம் சுளிக்காமல் மாறினேன், என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். இப்போது சொல்வாளா என்று தெரியவில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பவள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கரன்ட் போனாலோ மெஷின் நின்றாலோ பத்து நிமிஷத்துக்குள் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும் என்று எனக்கு மூன்று தடவை செய்துகாட்டி, என்னையும் செய்யச்சொல்லிப் பார்த்தாள். அவரால் சத்தம்போட்டுக் கூப்பிட முடியாது. அதனால் அப்பாவும் மகளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கட்டிலை ஒட்டிய சுவருக்கு இந்தப் பக்கம் என் மேசை. டிப்போவிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய ஸ்பேனரால் அவர் சுவரில் தட்டுவார். இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் பாத்ரூம். நிறுத்தாமல் தட்டினால் மூச்சு.

ஸ்பேனர் சுவரில் படும்போதெல்லாம் என் கோடு ஒரு முழம் எகிறும். சுவர்ப் பூச்சு உதிர்கிறது என்று சொல்லி ஸ்பேனரின் தலையில் கம்பளித்துணி சுற்றிக் கொடுத்தேன். அப்பாவின் கைக்கும் அது மெத்தென்று இருக்கும் என்று என் மனைவி என்னை மெச்சிக்கொண்டாள். சிலிண்டரை அவர் கட்டிலுக்கு அருகில் வைத்திருந்தாள். ஒரு லாரி போனால்கூட இரும்புச் சிலிண்டர் கிண்ணென்று அதிரும், காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டால் கேட்கும். அதை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறைக்கு மாற்றினேன். மூன்று மாடி இறங்க வேண்டும். தீப்பிடிக்கிற சாமான் வீட்டுக்குள் வேண்டாம் என்று சொன்னேன், அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. நியாயமாகப் படாத எதையும் நான் செய்வதில்லை சார்.

மெஷினுக்கு வருகிறேன். அதன் அடியில் ரப்பர் வைத்தேன், கோடு கொஞ்சம் அடங்கியது. ஃபோம் வைத்தேன், இன்னும் அடங்கியது. அரைமணி நேரத்தில் மெஷின் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கிவிட்டது. அன்று என் மனைவிக்கு லீவு. உடனே ஃபோன் போட்டுக் கம்பெனி ஆளை வரவழைத்தாள். அவன் மெஷினைத் தூக்கிக் கவிழ்த்து அடியில் இருந்த சல்லடையைக் காட்டினான். எனக்குத்தான் காட்டினான், அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், இதுக்கு மூக்கு அடியில இருக்கு. ஃபோம்ல அமுங்கினா மூக்கு அடைச்சுக்கும். சூடேறி நின்னுடும். அப்புறம் அவருக்கு என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம் என்றேன். அவன் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். என்ன எச்சரிக்கை கொடுத்தான் என்று அதில் எழுதியிருக்கும், உங்கள் ஃபைலில் அது இருக்கிறது. ஃபோமை எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அந்தக் கீச்கீச் வருகிற துளைமேல் மட்டும் ஒரு டேப் ஒட்டினேன். அந்தச் சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும்.

மாமனார் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே குறை, எதையும் சும்மா விடமாட்டார். ஒருநாள் குழாயை இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கருங்கல், மணல், பந்து எல்லாவற்றையும் கண்காட்சி பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய டிப்போவில் இன்ஜினுக்கு அப்படித்தான் வைத்தியம் பார்ப்பார்களாம். கண்ணைத் திறந்து, வலது பக்கப் பின்கால் நூலளவு குட்டை என்றார். ஒரு தீப்பெட்டி அட்டையைக் கிழித்து மடித்து அடியில் சொருகினார். கோடு பாதியாகக் குறைந்தது. அவர் போன பிறகு அட்டையை உருவி எறிந்துவிட்டேன். எட்டு மாதமாக நான் படாத பாடு பட்டு, கடைசியில் தீப்பெட்டி அட்டையா. குழுவில் எப்படிச் சொல்வது.

பிறகு நடந்ததற்குக் காரணம் அது இல்லை. செவிச்செல்வர் வந்த நாள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு சீடர்களோடு என் ஸ்பீக்கர் அமைப்பைப் பார்வையிட வந்தார். யார் வீட்டுக்கும் லேசில் வருகிறவர் இல்லை. அறையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, என் மனைவியைச் சமையலறையில் பாத்திரம் நகர்த்தாமல் இருக்கச்சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஃபோனை மேசையில் வைத்தேன். ரம்பம். செவிச்செல்வர் உதட்டைப் பிதுக்கினார். பக்கத்து அறை மெஷின்தான் காரணம் என்று விளக்கினேன். அவர் வருத்தத்தோடு தலையசைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் மாமனார் வந்து நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாப்ள, கால ஆட்டாதீங்க. டேபிள் ஆடுறது அதனாலதான்."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. உயரமான நாற்காலி, தொங்கும் கால், முழங்கால் மேசையின் சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். ரம்பத்தில் முக்கால்வாசி காணாமல் போனது. ஒரு சீடன் வாயைப் பொத்திக்கொண்டான். செவிச்செல்வர், மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடச் சிரித்து நான் பார்த்திராத செவிச்செல்வர், பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். சமையலறையிலிருந்து என் மனைவியும் சிரித்தாள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மாமனாருக்கும் சிரிப்பு, அது இருமலாகி, என் மனைவி ஓடிவந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் குழுவில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காலாட்டி. முந்நூறு பேர். நான் எதைக் கேட்டாலும், முதலில் காலைக் கட்டிப்போடு காலாட்டி என்று பதில் வரும். ஊர் பேர் தெரியாத புது ஆள்கூட அப்படித்தான் கூப்பிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு அவமானத்தை ஒரு மனுஷன் இவ்வளவு அமைதியாகத் தாங்கியதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஒரு பெல்ட்டை எடுத்து இரண்டு கால்களையும் நாற்காலியோடு கட்டிக்கொண்டேன். விஞ்ஞானம் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். காலைக் கட்டிய பிறகும் கோட்டில் ஒரு சின்ன நெளிவு மிச்சம் இருந்தது. அதாவது மெஷின். அதாவது நான் சொன்னதும் சரி. கால்வாசி சரி என்று நீங்கள் சொல்லலாம். கால்வாசியும் சரிதானே. அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பொறுத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, அவருக்கு மாத்திரை கொடுத்தேன். மெஷினைத் துடைக்கப்போகிறேன் என்றேன். பார்த்துத் துடைங்க மாப்ள என்றார். நாலு அடுக்கு ஃபோம் வெட்டி வைத்திருந்தேன். அதன்மேல் மெஷினைத் தூக்கி வைத்து, நன்றாக அமுங்கட்டும் என்று இரண்டு கையாலும் அழுத்தினேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. போர்வையைச் சரிசெய்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என் அறைக்கு வந்தேன். காலைக் கட்டிக்கொண்டேன். ஃபோனை மேசைமேல் வைத்தேன்.

முதல் இருபது நிமிஷம் கோட்டில் லேசான நெளிவு. பிறகு அது தடுமாறி நின்றது. நேர்கோடு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அப்புறம் இரண்டு தட்டு. தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு. பிறகு மூன்று. எதைத் தட்டினால் நான் வருவேன் என்று பார்த்தார் போலிருக்கிறது. பிறகு நிறுத்தாமல். கம்பளி சுற்றிய ஸ்பேனர், அதனால் கோடு முன்போல எகிறவில்லை, சின்னச் சின்ன மேடாக வந்தது. போகப்போக மேடு தாழ்ந்தது, இடைவெளி கூடியது. அன்று பெல்ட்டுக்கு வேலையே இல்லை, கால் ஆடவில்லை.

நேர்கோடு மறுபடி வந்ததும் ஆறு நிமிஷம் காத்திருந்தேன், தற்செயலாக இருக்கக் கூடாதல்லவா. பிறகு படம் பிடித்துக் குழுவில் போட்டேன். இடது பக்கம் பழைய ரம்பம், வலது பக்கம் அன்றைய கோடு முழுசும், தொடக்கத்திலிருந்து. வெட்டி ஒட்டினால் ஏமாற்றுகிறான் என்பார்கள். பக்கத்து அறை மெஷினிலிருந்துதான் அதிர்வு வந்தது என்று கீழே ஒரு வரி எழுதினேன். செவிச்செல்வர் கைதட்டுகிற படம் போட்டார். நடுவில் என்ன மேடு என்று ஒருவன் கேட்டான். வெளி இடைஞ்சல் என்று பதில் எழுதினேன். காலாட்டி என்று அன்று ஒருவரும் எழுதவில்லை.

நாலரை மணிக்கு உள்ளே போய் ஃபோமை எடுத்துவிட்டு மெஷினைத் தரையில் வைத்து ஓடவிட்டேன். டேப்பையும் உரித்தேன். ஸ்பேனர் தரையில் கிடந்தது, எடுத்து அவர் கையருகில் வைத்தேன். என் மனைவி வந்தபோது மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுதுகொண்டே என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா தட்டினாராங்க?"

தூக்கத்திலேயே போயிருப்பார் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உறவுக்காரர்கள் வந்து, பெற்ற மகனாட்டம் பார்த்துக்கொண்டான் என்று என்னைச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, அந்தச் சமயத்தில் மறுப்பது மரியாதை இல்லை.

ஆறாம் நாள் செவிச்செல்வர் துக்கம் கேட்க வந்தார். பெரிய மனசு. என் மனைவிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, உங்கள் வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்லை, இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை என்று சொல்லித் தன் ஃபோனில் அந்தப் படத்தைக் காட்டினார். அவள் கடனே என்று பார்த்தாள். பிறகு ஃபோனைக் கையில் வாங்கினாள். பத்தொன்பது வருஷமாகக் கோடு பார்க்கிறவள். இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு மேடாக விரல் வைத்து எண்ணினாள். இரண்டு. இரண்டு. மூன்று. அதற்குமேல் அவள் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. கீழே இருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். அந்த ஃபோனோடு இறங்கி நடந்து இங்கே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். செவிச்செல்வர் ஃபோனைக் கொடும்மா, ஃபோனைக் கொடும்மா என்று பின்னாலேயே வந்தாராம்.

இப்போது வக்கீல் விஷயம். நல்ல மனிதர்தான், எனக்காக ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதில் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். அப்போது ஸ்பீக்கரில் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, அதனால் மாமனார் தட்டியது காதில் விழவில்லை, ஃபோம் தெரியாமல் செய்த தப்பு, இதுதான் சாரம். பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார். அந்த வரியை அடித்துவிடுங்கள் சார். அளவெடுக்கும்போது பாட்டுப் போடக் கூடாது, போட்டால் கோடு கெட்டுவிடும், இது கற்றுக்குட்டிக்கும் தெரியும். அதில் கையெழுத்துப் போட்டால் குழுவில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள். வீட்டில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம், காது வைக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். தட்டியது மொத்தம் நாற்பத்தொன்பது தடவை, ஒன்று விடாமல் கேட்டேன். சந்தேகமாக இருந்தால் கோட்டில் எண்ணிப் பாருங்கள்.

வக்கீல் விடவில்லை. சரி, அன்று போடவில்லை, மற்ற நாளில் சத்தமாகக் கேட்பீர்கள் அல்லவா, என்ன பாட்டு கேட்பீர்கள், அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், அந்த ஸ்பீக்கரை வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது, இதுவரை அதில் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. அதிர்வு முதலில் நிற்கட்டும், அப்புறம் நிம்மதியாகக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.